ஒரே மன்றம்: ஜில்லா போர்டு தனித்து ஆண்ட இருபத்தைந்து ஆண்டுகள்

(வடவேங்கடத்து ஜில்லாவின் வரலாறு: தொடர் கட்டுரை)

சித்தூர் ஜில்லா என்னும் பெயர் நமக்கு எவ்வளவோ பழகிப் போயிருந்தாலும், 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதிக்கு முன்னர் அந்த நிலப்பரப்பு முழுவதும் ஒரே கலெக்டரின் பரிபாலனத்தில் இருந்ததில்லை என்பதையும், வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமனேர் தாலுகாக்களையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களையும் எடுத்து, காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர், கங்குந்தி முதலிய ஜமீன் பகுதிகளோடு கூட்டியே அந்த ஜில்லாவை உருவாக்கினார்கள் என்பதையும் சென்ற அத்தியாயத்தில் கண்டோம். அதுவரை வட ஆற்காட்டின் தலைநகராயிருந்த சித்தூர் புதிய ஜில்லாவின் தலைநகராகத் தங்கிவிட, வட ஆற்காட்டின் கச்சேரிகள் வேலூருக்குக் குடிபெயர்ந்தன. கலெக்டரின் ஜில்லா பிறந்த கதை அது. ஜனங்களின் சாலையையும் பள்ளியையும் கிணற்றையும் கவனிப்பதற்கென்று அமைந்த மன்றம், எவ்வாறு பல அடுக்குகளாகத் தொடங்கி, ஒரு கட்டத்தில் ஒரே மன்றமாகச் சுருங்கி, பின்னர் மறுபடியும் கிளைத்தது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

இந்த ஜில்லாவை ஒரே மன்றம் ஆள்வது இயல்பிலேயே எளிதன்று என்பதற்கு அதன் நிலமே சாட்சி சொல்லும். மதனப்பள்ளி மேட்டுநிலத்தில் பெய்யும் மழை வடக்கு நோக்கி ஓடி வட பெண்ணையாற்றைச் சேருகிறது. சித்தூரின் ஓரமாகச் செல்லும் நீவா நதி தெற்கே இறங்கிப் பொன்னையாறாகிப் பாலாற்றில் கலக்கிறது. சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் நீர் தரும் சுவர்ணமுகியோ, யாரோடும் சேராமல் தானே கிழக்கே சென்று கடலில் விழுகிறது. ஒரே ஆற்றின் படுகையில் அமைந்த தஞ்சாவூரைப்போல, மேல்மடையில் இருப்பவனுக்கும் கடைமடையில் இருப்பவனுக்கும் ஒரே கவலை என்னும் நிலை இங்கே கிடையாது. சித்தூரிலிருந்து பலமனேருக்குச் செல்பவர் மொகிலிக் கணவாயில் ஏற வேண்டும். திருப்பதியிலிருந்து பீலேருக்கும் மதனப்பள்ளிக்கும் செல்பவர் பாகராப்பேட்டைக் கணவாயைத் தாண்ட வேண்டும். கணவாய்க்கு மேலே இருப்பவர்களின் பயிரும் வேறு, பஞ்சமும் வேறு. திருத்தணி, நகரி, புத்தூர்ப் பக்கத்தில் வீட்டுமொழி பெரும்பாலும் தமிழ், மதனப்பள்ளியில் தெலுங்கு, குப்பத்தின் சந்தையிலே தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒன்றாகக் காதில் விழும்.

மன்றம் கூடி ஊர்க்காரியத்தை நிர்வகிப்பது இந்த மண்ணுக்குப் புதிய வழக்கமன்று. இன்றைய திருச்சானூர், பழங்கல்வெட்டுகளில் திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாட்டுத் திருச்சுகனூர் என்று பேசப்படும் ஊர். அவ்வூர்ச் சபையார் பொன்னையும் நிலத்தையும் ஏற்று, மலைமேல் விளக்கெரிப்பதையும் திருவிழா நடத்துவதையும் தம் பொறுப்பாக எழுதிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது. விஜயநகர காலத்திலே ஸ்தானத்தார் என்னும் குழுவினர் கோயில் நிர்வாகத்தை நடத்தினார்கள். ஆயினும் நாம் இங்கே சொல்லவந்த போர்டு அந்தச் சபையின் வழித்தோன்றல் அன்று. வரிப்பணத்தைச் செலவிடுவதற்காகச் சட்டத்தால் படைக்கப்பட்ட ஸ்தாபனம் அது. இரண்டையும் ஒரே சங்கிலியின் கண்ணிகளாகச் சித்திரிக்கும் ஆசை நம் எழுத்தாளர்களில் பலருக்கு உண்டு; எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அந்த ஸ்தாபனத்தின் தொடக்கம் 1871ஆம் ஆண்டின் லோக்கல் பண்டுச் சட்டம். நிலவரியோடு சேர்த்து வசூலிக்கும் ஒரு சிறு மேல்வரியைச் சாலைக்கும் பள்ளிக்கும் வைத்தியத்துக்கும் ஒதுக்கிவைக்க அச்சட்டம் வழிசெய்தது. கிராமங்களிலே பழைய மருத்துவமனையை ‘எல்.எப். ஆஸ்பத்திரி’ என்று கிழவர்கள் அழைத்த வழக்கம் அந்த லோக்கல் பண்டின் மிச்சமே. 1882ஆம் ஆண்டு மே மாதம் ரிப்பன் பிரபுவின் அரசாங்கம் வெளியிட்ட பிரசித்தமான தீர்மானம், ஸ்தல சுயாட்சியை ஜனங்களின் அரசியல் கல்விக்குச் சாதனமாகக் கருத வேண்டும் என்று அறிவித்தது. அதன் பயனாகச் சென்னை ராஜதானியில் 1884ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நகரசபைகளுக்கு, மற்றொன்று போர்டுகளுக்கு. நகரசபைச் சட்டத்தின்படி திருப்பதி 1886ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நகரசபை ஆயிற்று. போர்டுச் சட்டமோ மூன்று அடுக்குகளை ஏற்படுத்திற்று: மேலே ஜில்லா போர்டு, நடுவே தாலுகா போர்டு, கீழே சில பெரிய கிராமங்களில் யூனியன். கலெக்டரே ஜில்லா போர்டின் தலைவர். டிவிஷன் அதிகாரியே தாலுகா போர்டின் தலைவர். அங்கத்தினர்களாக அமர்ந்த மிராசுதார்களும் வக்கீல்களும் ஆலோசனை சொல்லலாம், முடிவு துரையினுடையது.

இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் இந்த ஜில்லாவின் மண்ணிலேயே பிறந்தவர் என்பதை இங்குள்ளவர்களே மறந்துபோனது வருத்தத்துக்குரியது. பனகல் அரசர் என்று சென்னை மாநகரம் ஒரு பூங்காவுக்குப் பெயர் வைத்துப் போற்றும் ராமராயநிங்கார் 1866ஆம் ஆண்டு காளஹஸ்தியில் பிறந்தவர். 1920ஆம் ஆண்டின் இறுதியில் இரட்டை ஆட்சியின்கீழ் அமைந்த முதல் மந்திரிசபையில் ஸ்தல ஸ்தாபன இலாகா அவர் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவரே முதல் மந்திரியும் ஆனார். 1920ஆம் ஆண்டின் புதிய சட்டங்கள், போர்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே பெரும்பான்மையினராக அமரவும், உத்தியோகஸ்தரல்லாதார் தலைமை தாங்கவும் இடமளித்தன. அந்தச் சட்டங்கள் ஏட்டிலிருந்து இறங்கி ஜில்லா ஜில்லாவாக நடைமுறைக்கு வந்தது பெரும்பாலும் அவருடைய காலத்தில்தான். 1930 முதல் 1932 வரை முதல் மந்திரியாயிருந்த முனிசாமி நாயுடுவும் சித்தூரில் வக்கீல் தொழில் நடத்தியவரே. ராஜதானியின் போர்டு அரசியலில் இந்தச் சிறிய ஜில்லாவுக்குக் கிடைத்த பங்கு, அதன் ஜனத்தொகைக்கு மிஞ்சியது.

தாலுகா போர்டு என்ன செய்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பெருஞ்சாலைகளும் உயர்நிலைப் பள்ளிகளும் பெரிய ஆஸ்பத்திரிகளும் ஜில்லா போர்டின் வசம் இருந்தன. ஆரம்பப் பள்ளி, கிராமத்துச் சாலை, குடிதண்ணீர்க் கிணறு, வாரச்சந்தை, சத்திரம் இவை தாலுகா போர்டின் கவலை. சாலை போடுவது என்பது அந்நாளில் மாட்டுவண்டியில் கருங்கல் சரளையைக் கொண்டுவந்து, வழியோரத்தில் அளவுக்குவியல்களாகக் கொட்டி, ஓவர்சியர் வந்து நீள அகல உயரம் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு பரப்புவதாகும். குவியலின் நடுவிலே மண்ணை வைத்து மேலே கல்லை அடுக்கிய காண்டிராக்டர்களும் உண்டு. குவியலைக் குத்திப் பார்க்கத் தெரிந்த ஓவர்சியர்களும் உண்டு. அந்தக் குவியலைத் தினந்தோறும் கடந்துபோகும் விவசாயிக்கு அதில் எவ்வளவு கல், எவ்வளவு மண் என்பது தெரியும். தாலுகா போர்டின் அங்கத்தினர் அவனுக்கு முகம் தெரிந்தவர், சந்தையிலே எதிர்ப்படுபவர், கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் நழுவ முடியாதவர். இந்த ஒரு நன்மையை ஒரு ரூபாய்க்கு ஓரணா மேல்வரியைக்கொண்டு வாங்கினார்கள் என்றால் அது மலிவான வியாபாரமே.

ஆயினும் தாலுகா போர்டுகளின் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் எல்லாம் பொய்யல்ல. முதலாவது, அவற்றின் கையில் பணம் இல்லை. ஜமீன் பகுதிகளில் மேல்வரியை ஜமீன்தார் செலுத்தி, அதில் ஒரு பங்கைக் குடிகளிடமிருந்து பெற்றுக்கொள்வது ஏற்பாடு. ஜமீன் கடனில் மூழ்கியிருந்தால் வரியும் மூழ்கும். கார்வேட்டிநகரத்தைப்போலக் கடனால் நொடித்த சமஸ்தானங்களை உள்ளடக்கிய ஜில்லாவில் இது சிறிய விஷயமன்று. 1929ஆம் ஆண்டுக்குப் பின் உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தில் தானிய விலை சரிந்தபோது, ரயத்துகளிடமும் பணம் இல்லை. அதே சமயத்தில் சாலைகளின் சுங்கச்சாவடி வருமானமும் போயிற்று. வண்டிகளை மறித்து அணாக்கணக்கில் வசூலித்துவந்த அந்தச் சாவடிகளை, 1931ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரியைக் கொண்டுவந்தபோது அரசாங்கம் எடுத்துவிட்டது. வண்டிக்காரனுக்கு அது பெரும் விடுதலை. சாவடியில் இரவெல்லாம் மாட்டை அவிழ்த்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் இழந்த வருமானத்துக்கு ஈடு சென்னையிலிருந்து வரவேண்டியதாயிற்று. போர்டின் பை அன்றுமுதல் பாதி சென்னையில் இருந்தது என்று சொல்லலாம்.

இரண்டாவது குற்றச்சாட்டு கட்சி. 1930ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நியமன முறையை ஒழித்துத் தேர்தலை முழுமையாக்கிற்று. அதனால் விளைந்த நன்மை பெரிது. கூடவே, தலைவர் பதவிக்கான போட்டியும் நம்பிக்கையில்லாத் தீர்மானமும் பெருகின. ஆசிரியரை மாற்றுவதும் காண்டிராக்டை யாருக்குக் கொடுப்பதும் கட்சி பலத்தின் அளவுகோல்களாயின. தேர்தலில் எதிர்ப்பக்கம் நின்றவரின் மைத்துனர் ஆரம்பப் பள்ளி ஆசிரியராயிருந்தால், அவர் கணவாய்க்கு அப்பால் மாற்றப்படுவார் என்பது ராஜதானி முழுவதும் பேசப்பட்ட குறை. ஒரு ஜில்லாவுக்குள் இத்தனை தலைவர்களும் இத்தனை காரியாலயங்களும் இத்தனை குமாஸ்தாக்களும் எதற்கு என்ற கேள்வி எழுந்ததில் வியப்பில்லை.

பொப்பிலி அரசரின் மந்திரிசபை அந்தக் கேள்விக்கு 1934ஆம் ஆண்டில் விடை சொல்லிற்று: தாலுகா போர்டுகள் எடுபட்டன. அவற்றின் பள்ளிகளும் சாலைகளும் கிணறுகளும் கடன்களும் ஜில்லா போர்டைச் சேர்ந்தன. குப்பத்திலிருந்து காளஹஸ்திவரை, நகரசபைகளும் அங்கங்கே இருந்த சில பஞ்சாயத்துகளும் நீங்கலாக, ஜனங்களின் பொதுக்காரியம் அனைத்தும் சித்தூரில் கூடும் ஒரே மன்றத்தின் பொறுப்பாயிற்று. இதற்குச் சற்றே முன்பாக 1933ஆம் ஆண்டில், அதே ராஜதானிச் சட்டசபை நிறைவேற்றிய திருமலை திருப்பதி தேவஸ்தானச் சட்டத்தின்படி, 1843ஆம் ஆண்டு முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் வசமிருந்த கோயில் நிர்வாகம் ஒரு கமிட்டிக்கும் கமிஷனருக்கும் மாறியிருந்தது. ஆகவே இரண்டாண்டுகளுக்குள் மலைமேலும் மலையடியிலும் அதிகாரம் கைமாறிற்று. ஆனால் திசைகள் வெவ்வேறு. மலைமேல், ஒருவர் கையிலிருந்தது பலர் கைக்குப் போயிற்று. மலையடியில், பலர் கையிலிருந்தது ஒரு மன்றத்தின் கைக்கு வந்தது.

இத்தகைய ஒன்றுசேர்ப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் மேலே கவுண்டி, கீழே டிஸ்ட்ரிக்ட் என்று இரண்டு அடுக்காக இருந்த மன்றங்களைப் பல பகுதிகளில் ஒன்றாக்கிவிட்டார்கள். கார்ன்வால் பகுதியில் கவுண்டி மன்றத்தையும் அதன் ஆறு டிஸ்ட்ரிக்ட் மன்றங்களையும் கலைத்து, 2009ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஒரே மன்றமாக அமைத்தார்கள். அங்கே சொல்லப்பட்ட காரணங்களும் சென்னையில் 1934இல் சொல்லப்பட்ட காரணங்களும் ஏறக்குறைய ஒன்றே: இரட்டை வேலை ஒழியும், செலவு குறையும், பொறுப்பு ஒருவரிடம் நிற்கும். அங்கே ஜனங்கள் தெரிவித்த அச்சமும் இங்கே தெரிவித்த அச்சமும்கூட ஒன்றே: மன்றம் தூரமாகிவிடும்.

ஒரே மன்றத்தால் விளைந்த நன்மைகளை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். தாலுகா போர்டு ஒவ்வொன்றும் தனித்தனியே வைத்துக்கொள்ள முடியாத எஞ்சினீயரையும் சுகாதார அதிகாரியையும் ஜில்லா போர்டால் வைத்துக்கொள்ள முடிந்தது. திருப்பதியின் பிரம்மோற்சவத்துக்கும் காளஹஸ்தியின் சிவராத்திரிக்கும் திருத்தணியின் ஆடிக் கிருத்திகைக்கும் லக்ஷக்கணக்கான யாத்திரிகர்கள் கூடும் ஜில்லா இது. வாந்திபேதி ஒரு க்ஷேத்திரத்தில் தோன்றினால், அது பாகாலை ரயில் சந்திப்பின் வழியாக இரண்டு நாளில் மேட்டுநிலத்துக்கு ஏறிவிடும். அத்தகைய ஆபத்தைத் தாலுகா எல்லையில் நின்று தடுக்க முடியாது. ஊசிபோடும் ஆட்களையும் கிணறுகளில் மருந்திடும் ஆட்களையும் ஜில்லாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அனுப்ப ஒரே உத்தரவு வேண்டும். கணவாய்ச் சாலைகளின் விஷயமும் அவ்வாறே. மொகிலிக் கணவாயின் மேற்பாதி ஒரு போர்டின் கணக்கு, கீழ்ப்பாதி வேறொரு போர்டின் கணக்கு என்றிருந்தால், நடுவிலுள்ள பாலம் யாருடையது என்பதிலேயே ஒரு மழைக்காலம் கழிந்துவிடும். வறண்ட மதனப்பள்ளிப் பகுதிக்குச் சுவர்ணமுகிக் கரையின் வரிப்பணத்தில் ஒரு பங்கு போய்ச் சேர்ந்ததும் ஒரே மன்றத்தினால்தான். செல்வமுள்ள பகுதி இல்லாத பகுதியைத் தாங்குவது என்னும் தர்மத்துக்கு, இரண்டையும் உள்ளடக்கிய ஒரு கஜானா தேவை. அதைப் பிரித்துவைத்துக்கொண்டு உபதேசம் செய்வதில் பயனில்லை.

இனி, இழந்ததைப் பார்ப்போம். பாகராப்பேட்டைக் கணவாய்க்கு மேற்கே ஒரு சிற்றூரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். கோடையில் கிணறு தூர்ந்துவிட்டது. தாலுகா போர்டு இருந்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் காலையில் புறப்பட்டுப்போய், அங்கத்தினரின் திண்ணையில் உட்கார்ந்து, விஷயத்தைத் தெலுங்கிலோ தமிழிலோ சொல்லிவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். ஒரே மன்றம் வந்த பிறகு, அந்த விஷயம் ஒரு மனுவாக வேண்டும். மனுவை எழுதத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். அது சித்தூருக்குப் போய், எஞ்சினீயரின் மேஜைக்கு மாறி, அவர் கீழேயுள்ள ஓவர்சியருக்கு அனுப்பி, அவர் நேரில் வந்து பார்த்து எஸ்டிமேட் போட்டு, அது மீண்டும் சித்தூருக்கு ஏறி, மன்றக் கூட்டத்தின் நீண்ட ஜாபிதாவில் ஒரு வரியாக இடம்பெற வேண்டும். அதற்குள் மழை வந்துவிட்டால், கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்று காகிதம் முடிந்துவிடும். அடுத்த கோடையில் மறுபடியும் மனு. இதில் யாரும் அயோக்கியர் அல்லர். எஞ்சினீயரும் குமாஸ்தாவும் அவரவர் கடமையைச் செய்தவர்களே. தூரம்தான் குற்றவாளி. ஒரு கிணற்றுக்கும் அதைத் தீர்மானிக்கும் மன்றத்துக்கும் நடுவே இத்தனை மைல்களையும் இத்தனை கைகளையும் வைத்துவிட்டு, சிக்கனம் செய்தோம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

ஆரம்பப் பள்ளிகளின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. ஓராசிரியர் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகிறாரா, வந்தாலும் பாடம் நடக்கிறதா என்பதை அறிய உள்ளூர்க் கண் வேண்டும். தமிழ்ப் பள்ளிகளையும் தெலுங்குப் பள்ளிகளையும் ஒருங்கே பேண வேண்டிய கடமையுள்ள போர்டுக்கு அந்தக் கண் இன்னும் கூர்மையாக இருந்திருக்க வேண்டும். கட்சிப்பூசல் ஒழியும் என்று நம்பித் தாலுகா போர்டுகளை எடுத்தார்கள். பூசல் ஒழியவில்லை, பல சிறிய பதவிகளுக்காக நடந்தது, ஒரே பெரிய பதவிக்காக நடக்கலாயிற்று. பல நூறு ஆசிரியர்களின் மாற்றமும் ஜில்லாவின் அத்தனை காண்டிராக்டுகளும் ஒரே தலைவரின் கையெழுத்தில் அடங்கியபோது, அந்தக் கையெழுத்தின் விலை ஏறிற்று.

ஜில்லா போர்டை ஒரே மன்றம் என்று சொன்னாலும், திருப்பதிக்கு வந்த யாத்திரிகர் அதை ஒருபோதும் அவ்வாறு கண்டதில்லை. சந்திரகிரியிலிருந்து வண்டியில் வருபவர் போர்டுச் சாலையில் வருவார். ஊருக்குள் நுழைந்ததும் நகரசபையின் தெரு. அலிபிரியில் படியேறத் தொடங்கியதும் தேவஸ்தானத்தின் வழி. ஒரு நாள் பயணத்துக்குள் மூன்று அதிகாரங்கள். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முதல் மலைச்சாலை திறக்கப்படும்வரை, நடக்க இயலாதவர்கள் டோலியிலேதான் மலையேறினார்கள். அந்தச் சாலையை அமைத்தது போர்டும் அல்ல, நகரசபையும் அல்ல, தேவஸ்தானம். மூன்றாவது அதிகாரம் மற்ற இரண்டையும்விடப் பணத்தால் வலிமை பெற்றது அன்றே தொடங்கிற்று. இன்றும் திருமலையின் மீது குடிதண்ணீர், தெருவிளக்கு, துப்புரவு எல்லாம் தேவஸ்தானத்தின் பொறுப்பே. நாட்டில் பெரும்பாலும் ஊர்க்காரியத்தை வாக்காளர் தேர்ந்தெடுத்த மன்றம் நடத்த, இந்த மலையில் அதைக் கோயில் நிர்வாகமே நடத்துகிறது. நாள்தோறும் வந்துபோகும் கூட்டத்தை எண்ணிப் பார்த்தால் அந்த ஏற்பாட்டில் நியாயம் உண்டு. அங்கே கடை வைத்தும் கூலி வேலை செய்தும் தலைமுறையாக வாழ்ந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால், அவர்களுக்கென்று வாக்குப் போட்டுக் கேட்க ஒரு மன்றம் இல்லாதது குறையே.

சுதந்திரத்துக்குப் பின் மாறுதல்கள் விரைந்து வந்தன. 1948ஆம் ஆண்டின் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1950ஆம் ஆண்டின் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமையளித்துப் பஞ்சாயத்துகளைப் பெருக்கிற்று. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் அமைந்தபோது சித்தூர் ஜில்லா முழுவதும் அதனோடு சென்றது. வடக்கெல்லைக்காக ம.பொ.சி. நடத்திய போராட்டத்தின் வரலாற்றைத் தனி அத்தியாயத்தில் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே, எல்லைத் தகராறில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுகா சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது என்பதையும், அதற்கு ஈடாகச் செங்கல்பட்டு ஜில்லாவின் சத்தியவேடு பகுதி சித்தூரோடு சேர்ந்தது என்பதையும் மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

எல்லை மாறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே போர்டின் ஆயுள் முடிந்திருந்தது. பல்வந்த்ராய் மேத்தா கமிட்டி 1957ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையை ஏற்று, ராஜஸ்தானத்துக்கு அடுத்தபடியாகப் பஞ்சாயத்து ராஜ்யத்தைத் தொடங்கியது ஆந்திரப் பிரதேசம். 1959ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி ஜில்லா போர்டுகள் மறைந்து, மேலே ஜில்லா பரிஷத்தும் நடுவே பஞ்சாயத்து சமிதியும் வந்தன. பஞ்சாயத்துத் தலைவர்கள் சமிதியில் அமர்ந்தார்கள். சமிதித் தலைவர்கள் ஜில்லா பரிஷத்தில் அமர்ந்தார்கள். பெயர்களை நீக்கிவிட்டு உற்றுப் பார்த்தால், 1934இல் தூக்கி எறிந்த நடு அடுக்கையே 1959இல் மறுபடியும் தேடி எடுத்துவைத்தார்கள் என்பது விளங்கும். இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளின் அனுபவத்துக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டியதில்லை.

அதோடும் நிற்கவில்லை. 1983ஆம் ஆண்டுத் தேர்தலில் திருப்பதித் தொகுதியிலும் வெற்றிபெற்று முதலமைச்சரான என்.டி. ராமாராவ், தாலுகாவும் சமிதியும் ஜனங்களுக்கு இன்னும் தூரமே என்று கருதி, ராஜ்யம் முழுவதையும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களாகப் பிரித்தார். சித்தூர் ஜில்லாவுக்கு வாய்த்தவை 66. ஒரு காலத்தில் சித்தூருக்கு மனு எழுதிய சிற்றூரிலிருந்து மண்டலக் காரியாலயத்துக்குப் பேருந்தில் போய் நண்பகலுக்குள் திரும்பலாம் என்னும் நிலை வந்தது. ஆனால் அடுக்கு அருகில் வந்ததே ஒழிய, பணம் அதனுடன் வரவில்லை. 1931இல் சுங்கச்சாவடியோடு சென்னைக்குப் போன பை, பின்னர் ஹைதராபாதுக்குப் போய், இப்போது அமராவதியில் இருக்கிறது.

நகரத்தின் கதையையும் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். 1886ஆம் ஆண்டில் தோன்றிய திருப்பதி நகரசபை 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மாநகராட்சி ஆயிற்று. தகுதி உயர்ந்தது, மன்றம் கூடவில்லை. மாநகராட்சியின் முதல் தேர்தல் 2021ஆம் ஆண்டு மார்ச்சில்தான் நடந்தது. பதினான்கு ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவரும் இல்லாமல், தனி அதிகாரிகளின் கையெழுத்திலேயே அந்நகரத்தின் வரியும் வரவுசெலவும் நடந்தன. அடுக்கு ஒன்றா, இரண்டா, மூன்றா என்று நாம் இவ்வளவு நேரம் ஆராய்ந்தோம். அடுக்கு எத்தனையாயினும், அதிலே உட்கார வேண்டியவர்களைத் தேர்ந்தெடுக்காமல் ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்திருப்பது, ரிப்பன் காலத்துக்கும் முந்திய இடத்துக்கு நம்மைக் கொண்டுபோய் விடுகிறது. கலெக்டர் தலைமை தாங்கிய 1884ஆம் ஆண்டுப் போர்டிலாவது எதிரே உட்கார்ந்து பேசுவதற்கு நான்கு ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் தேதி பழைய சித்தூர் ஜில்லா பிரிந்தது. திருப்பதி தனி ஜில்லாவாகி, நெல்லூரிலிருந்து கூடூர், சூலூர்ப்பேட்டை, வெங்கடகிரிப் பகுதிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. மதனப்பள்ளிப் பகுதி அன்னமய்யா ஜில்லாவுக்குப் போயிற்று. கலெக்டர்களும் போலீஸ் அதிகாரிகளும் உடனே பிரிந்து, தனித்தனிக் கட்டடங்களில் அமர்ந்தார்கள். ஆனால் முந்திய ஆண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட ஜில்லா பரிஷத்தை அரசாங்கம் பிரிக்கவில்லை. அது பழைய எல்லையோடு சித்தூரிலேயே தொடர்ந்தது. பிரிக்கும் நாள் வரும்போது, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதோடு, கஜானாவை எப்படிப் பங்கிடுவது என்பதையும், தேர்தலை எந்தத் தேதியில் நடத்துவது என்பதையும் சேர்த்தே சட்டத்தில் எழுத வேண்டும் என்று அந்த ஜில்லாக்களின் ஜனங்கள் தங்கள் பிரதிநிதிகளை இப்போதே கேட்க வேண்டும்.